நகையை அடகு வைக்கும் முன்னால், அண்ணாச்சி

கோவில்பட்டி அண்ணாச்சிக்கு, கடிதம் படித்தேன், பதற்றம் புரிகிறது. மகளின் இன்ஜினியரிங் கட்-ஆஃப் நினைத்ததைவிடக் குறைந்துவிட்டது, சென்னையிலிருந்து மச்சினர் "மேனேஜ்மென்ட் கோட்டாவிலாவது கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிடுங்க" என்று தினமும் போன் போடுகிறார். சரி, ஆறுதல் இத்தோடு போதும். அந்த சீட்டுக்காக நகையை அடகு வைக்காதீர்கள். யோசனை மச்சினருடையது, வட்டி கட்டப்போவது நீங்கள். அதுவும் கோடிங் பிடிக்கவில்லை என்று மகளே சொல்லிவிட்டாள். தோட்டத்து மோட்டாரைப் பிரித்து பேரிங் மாற்றுகிறவள் என்று எழுதியதும் நீங்கள்தான்.

மெக்கானிக்கல், சிவில் பற்றி ஊரே சொல்லும், விடுங்கள். நான் சொல்வது மைனிங் இன்ஜினியரிங். கிண்டி பொறியியல் கல்லூரியிலேயே இருக்கிறது, நம் வீடுகளில் யாருக்கும் ஞாபகம் வராது.

சுரங்கம் என்றதும் கடப்பாரையும் கூடையும் கண்ணில் வந்திருக்கும். இன்றைக்கு நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களில் கன்டினியூவஸ் மைனர் என்று ஓர் இயந்திரம் ஓடுகிறது. இந்தியாவில் முதலில் 2002-ல் சத்தீஸ்கரின் சிரிமிரி பக்கம் அஞ்சன் ஹில் சுரங்கத்தில் இறங்கியது, அப்புறம் தெலங்கானாவின் சிங்கரேணி, மேற்கு வங்கத்தின் ஜாஞ்ரா. முன்னால் ஒரு பெரிய உருளை, அது நிறைய டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளாலான பற்கள். உருளை கூரையோரம் ஏறி, கரிச்சுவருக்குள் புகுந்து, சீவிக்கொண்டே கீழே இறங்கும். உதிர்ந்த கரியை அடியில் இருக்கும் கைகள் வாரி நடுவில் ஓடும் சங்கிலிக் கன்வேயரில் தள்ள, அது பின்னால் நிற்கும் ஷட்டில் காரில், அதாவது கரி சுமக்கும் வண்டியில், போய் விழும். துளை போட்டு வெடிவைக்கும் வேலையே இல்லை. தூசிக்குத் தண்ணீர் பீய்ச்சும், தீப்பற்றக்கூடிய மீத்தேன் வாயு எல்லை தாண்டினால் மின்சாரம் தானே நின்றுவிடும். இயக்குபவர் சரியாமல் இருக்க போல்ட் அடித்து இறுக்கிய கூரைக்குக் கீழே, இயந்திரத்திலிருந்து தள்ளி நின்று ரிமோட்டில் ஓட்டுகிறார். ஹைட்ராலிக்ஸ், மோட்டார், சென்சார் எல்லாம் ஒரே இடத்தில். உங்கள் மகளுக்குச் சொல்லிப் பாருங்கள், முகம் எப்படி மாறுகிறது என்று.

"பொம்பளப் பிள்ளையை சுரங்கத்துக்கா?" என்று மச்சினர் கேட்பார். 2019 வரை சட்டமே விடவில்லை, உண்மைதான். அந்த வருடம் மாற்றினார்கள்: தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகப் பணிகளில் பெண்கள் காலை 6 முதல் மாலை 7 வரை நிலத்தடியில் வேலை பார்க்கலாம், எழுத்தில் சம்மதம் தர வேண்டும் என்று அப்போது விதி வந்தது. 2021-ல் ஆகாங்க்ஷா குமாரி ஜார்க்கண்டின் சூரி நிலத்தடிச் சுரங்கத்தில் இன்ஜினியராகச் சேர்ந்தார்.

சொகுசு வேலை என்று சொல்லவில்லை. தூசி உண்டு, ஆபத்து உண்டு, வேலை பெரும்பாலும் வடக்கே, இந்தி பழக வேண்டும். அனுபவம் சேர்த்து சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் மேனேஜர் சான்றிதழ் தேர்வு எழுதாமல் மேலே போக முடியாது. இதையும் அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், நானும் வற்புறுத்த மாட்டேன். சரி என்றால் கவுன்சிலிங் சாய்ஸ் லிஸ்டில் கிண்டி மைனிங்கை மேலே போடட்டும், கிடைத்தால் அரசுக் கட்டணம்தான். கிடைக்காவிட்டால் இன்னொரு கடிதம் போடுங்கள், பார்ப்போம். அதுவரை மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.