வந்ததும் கூப்பிடலாம் என்றிருந்தேன்

அன்புள்ள சார்,

ஒரு வருடமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். ‘குவாந்தோ யேகோ’ என்றால் அவர் வந்தபோது, ‘குவாந்தோ யேகே’ என்றால் இனிமேல் வரும்போது. நடந்து முடிந்ததற்கு சப்ஜங்டிவ் (‘யேகே’ போல, இன்னும் நடக்காததற்கு வரும் வினையுருவம்) வராது என்று வகுப்பில் சொன்னார்கள். ஆனால் ஒரு மாட்ரிட் செய்தித்தாளில், செய்தி வெளியான பிறகு அமைச்சர் பதவி விலகினார் என்ற வாக்கியத்தில் ‘தெஸ்புவேஸ் தெ கெ செ புப்லிகாரா’ என்று சப்ஜங்டிவ் இருந்தது. அதுவும் நடந்து முடிந்ததுதானே? விதி தவறா, பத்திரிகை தவறா?

வி., கோவை

அன்புள்ள வி.,

பத்திரிகை தவறில்லை. விதியைத்தான் உங்களுக்குப் பாதி சொல்லியிருக்கிறார்கள். இன்று நின்று பார்த்து நடந்ததா இல்லையா என்று கேட்கக் கூடாது. அன்றைக்கு, முக்கிய வினையின் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். அப்போது இன்னும் நடக்கவில்லை என்றால் சப்ஜங்டிவ்.

தமிழிலும் அப்படித்தான். ‘அவள் வரும் முன் கிளம்பினேன்’ என்கிறோம். அவள் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தாலும் ‘வந்த முன்’ என்று யாரும் சொல்வதில்லை. ஸ்பானிஷில் ‘ஆந்தெஸ் தெ கெ யேகாரா’. ‘முன்’ என்று வந்தால் எப்போதும் சப்ஜங்டிவ்தான்.

ஆனால் ‘வந்ததும்’ காலை வாரிவிடும். நானே விழுந்திருக்கிறேன். ஒரு ஸ்பானிஷ் தோழியிடம், ‘வீட்டுக்கு வந்ததும் உன்னைக் கூப்பிடலாம் என்றிருந்தேன்’ என்று சொல்ல நினைத்து, ‘தெ இபா அ யமார் குவாந்தோ யேகே அ காஸா’ என்றேன். நீங்கள் எழுதிய ‘யேகே’ அல்ல, கடைசி எழுத்தில் அழுத்தம் கொடுத்த ‘யேகே’, அதாவது ‘வந்தேன்’. அவள் காதில் விழுந்தது வேறு: வீட்டுக்குள் நுழைந்த நேரத்தில் கூப்பிடத்தான் இருந்தேன். ‘அப்படியானால் ஏன் கூப்பிடவில்லை?’ என்றாள். நான் இன்னும் வீட்டுக்கே போகவில்லை! சொல்லியிருக்க வேண்டியது ‘குவாந்தோ யேகாரா’. தமிழில் ‘வந்ததும்’ இறந்தகால உருவம் என்பதால் கை தானாக அங்கே போய்விட்டது. திட்டம் போட்டபோது வருகை இன்னும் பாக்கி. ஸ்பானிஷ் அதைக் கணக்கில் எடுக்கும்.

‘வரும்வரை’யும் இதே கதைதான், திசை மட்டும் எதிர். ‘அவள் வரும்வரை இருந்தேன்’, அவளும் வந்துவிட்டாள் என்றால் ‘மே கெதே ஆஸ்தா கெ யேகோ’. சாதாரண வினை. இருக்கலாம் என்று நினைத்ததோடு சரி என்றால் ‘பென்ஸாபா கெதார்மே ஆஸ்தா கெ யேகாரா’. தமிழில் இரண்டுக்கும் ‘வரும்வரை’தான்.

இனி உங்கள் அமைச்சர். செய்தி வெளியானது, பிறகு விலகினார். நான் சொன்ன கேள்வியை வைத்துப் பார்த்தால் சாதாரண வினையான ‘புப்லிகோ’தான் வரவேண்டும். அதுவும் சரியே. ‘புப்லிகாரா’வுக்குப் பழைய பூர்வீகம் ஒன்று உண்டு. ‘யேகாரா’, ‘புப்லிகாரா’ என்று வரும் இந்த ‘-ரா’ உருவம் லத்தீனில் சப்ஜங்டிவே இல்லை. ‘அமாவெரம்’ என்றால் ‘நேசித்திருந்தேன்’. அதுதான் தேய்ந்து ‘அமாரா’ ஆனது. இடைக்காலக் கதைப்பாடல்களில் அந்தப் பொருளிலேயே வருகிறது. பத்திரிகை நடையில் அதன் வாசனை இன்னும் இருக்கிறது என்பார்கள். ஆனால் ‘புப்லிகாஸே’ என்று இன்னொரு சப்ஜங்டிவ் உருவத்தையும் எழுதுகிறார்களே, அதற்கு இந்த விளக்கம் போதாது. ‘முன்’னோடு ஒட்டிக்கொண்ட பழக்கம் ‘பின்’னுக்கும் தொற்றிவிட்டது என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

நீங்கள் பேசும்போது ‘தெஸ்புவேஸ் தெ கெ யேகோ’ என்றே சொல்லுங்கள். மாட்ரிட்டிலும் சரி, மெக்சிகோவிலும் சரி, யாரும் திருத்த மாட்டார்கள்.