போஸ்டெகோக்லு ஸ்பர்ஸ் பத்தி கேளுங்க மக்கா, தெரிஞ்சத சொல்லுதேன்

தூத்தூர் பக்கம் சாயங்காலம் சின்ன பயலுவளுக்கு பந்து சொல்லிக்குடுக்கேன், ஸ்பர்ஸ்னா இங்கிலாந்து கிளப் டோட்டன்ஹாம், போஸ்டெகோக்லு அங்க கோச்சா இருந்த ரெண்டு சீசனும் (2023-25) ராத்திரி முழிச்சிருந்து மேட்ச் பாத்தவன். ஆளு வாங்குனது வித்தது எல்லாம் வேண்டாம், ஆட்டத்த மட்டும் கேளுங்க.

குளச்சல் தம்பி: அண்ணே அட்டாக் சூப்பர், டிஃபன்ஸ் மோசம். டிஃபன்ஸுக்கு தனியா ஒரு கோச்ச போட்டா சரியாகிருக்காதா?

ஆகாது தம்பி, ரெண்டும் ஒண்ணுதான். புல்பேக், அதாவது சைடு டிஃபெண்டர், போரோவும் உடோகியும் சைடுல நிக்காம உள்ள மிட்ஃபீல்டுக்கு ஏறிருவானுவ, அதனால முன்னால எப்பவும் ஒரு ஆளு கூடுதல், விங்கர் தனியா நிப்பான், கோலு வருது. பந்து போச்சுன்னா பின்னால ரெண்டே ரெண்டு ஸ்டாப்பர் (நடு டிஃபெண்டர்), அவனுவளும் சென்டர் லைன் பக்கம், அதுக்கு பின்னால முழு கிரவுண்டும் காலி. 2023-24ல 74 அடிச்சு 61 வாங்குனாங்க, அஞ்சாவது எடம். புல்பேக்க பின்னால நிறுத்தினா அந்த 61 கொறையும், 74ம் கொறையும் கேட்டியா.

மார்த்தாண்டம்: செல்சி மேட்ச்ல ஒம்பது பேர வச்சு சென்டர் லைன்ல நின்னது கிறுக்குத்தனம் இல்லையா?

2023 நவம்பர் 6. ஸ்டாப்பர் ரொமேரோ, புல்பேக் உடோகி ரெண்டு பேருக்கும் ரெட் கார்டு, இன்னொரு ஸ்டாப்பர் வான் டி வென் வேற தொடையப் புடிச்சுட்டு வெளிய போயிட்டான். ஸ்கோர் மட்டும் பாத்தா 4-1, கிறுக்குதான். ஆனா 75வது நிமிஷம் வரைக்கும் 1-1, கோலி விகாரியோ பாக்ஸ விட்டு ஓடி வந்து ஓடி வந்து தட்டுதான், செல்சிக்காரன் திரும்ப திரும்ப ஆஃப்சைடுல மாட்டுதான், கடைசில நம்ம ஃபார்வர்டு சோனுக்கு 2-2 ஆக்க சான்ஸும் வந்துச்சு. செல்சி ஜாக்சன் மூணு அடிச்சான். எனக்கு அந்த தோல்வி புடிச்சிருந்துச்சு, வீட்டுல திட்டுனாங்க அது வேற.

கருங்கல்: அடுத்த சீசன் 2024-25ல 64 கோல் அடிச்சிட்டு 17வது எடமா?

65 வாங்குனாம்லா. ஸ்டாப்பர் சென்டர் லைன் பக்கம் ஏறி நிக்குத இந்த ஹை லைனுக்கு உயிரே வான் டி வென் வேகந்தான், அவனும் ரொமேரோவும் மாசக்கணக்குல காயம், 18 வயசு மிட்ஃபீல்டர் ஆர்ச்சி கிரேய ஸ்டாப்பரா நிறுத்துனா பின்ன என்ன நடக்கும். ஆளு மாறுனாலும் லைன எறக்கல, தப்பு அங்கதான். 2024 நவம்பர்ல மான்செஸ்டர் சிட்டிய அவன் கிரவுண்டுலயே 4-0, அதுக்கு ரெண்டு வாரம் முன்ன சொந்த கிரவுண்டுல இப்ஸ்விச்கிட்ட தோல்வி.

நாகர்கோவில்: கார்னர்?

அத கேக்காதீங்க. 2024 ஏப்ரல்ல ஆர்சனல் அடிச்ச மூணுல ரெண்டு கார்னர்லேருந்து. அடுத்த செப்டம்பர்லயும் கார்னர்தான், கேப்ரியல் தலை. இதுக்கு மட்டும் குளச்சல் தம்பி சொல்லுத மாதிரி ஒரு கோச் போட்டா போதும்.

குளச்சல் தம்பி: அப்போ யூரோப்பா கப்பு எப்படி அண்ணே?

பில்பாவோல நடந்த ஃபைனல்ல போஸ்டெகோக்லு அவராவே இல்ல. பிரெனன் ஜான்சன் ஒண்ணு அடிச்சான், அதுக்கு பொறவு எல்லாரும் பாக்ஸுக்குள்ள, லைன்ல வான் டி வென் பறந்து ஒண்ண தட்டுனான், 1-0. 2008க்கு பொறவு முதல் கப்பு. 16 நாள்ல அவர வேலைய விட்டு தூக்கிட்டாங்க.

வள்ளவிளை: நான் செவன்ஸ்ல (ஏழு பேர் ஆட்டம்) ஸ்டாப்பர், இந்த ஹை லைன் நம்ம டீமுக்கு சரி வருமா?

ஒங்க டூர்ணமெண்ட்ல ஆஃப்சைடு உண்டா? இல்லன்னா சவத்த விடு மக்கா, ஒருத்தன் ஒன் கோலிகிட்டயே போய் நிப்பான், நீ சென்டர்ல நின்னு கை தூக்குனா ரெஃப்ரி சிரிப்பாரு.