தண்ணீரின் வெப்ப அடுக்குகளை அறிய தானியங்கி நீர்மூழ்கி எதற்கு? கயிற்றில் வெப்பமானியைக் கட்டி இறக்கினால் போதாதா?

மேலே சூடான தண்ணீர், கீழே குளிர்ந்த தண்ணீர் என்று அடுக்கு பிரிந்திருக்கிறதா என்று பார்க்கக் கயிறு போதும். இரண்டும் சந்திக்கும் அந்த அடுக்கு ஓர் இடத்தில் நிற்காது, அங்கேதான் சிக்கல்.

எங்கள் வீடு இலங்கை மலைநாட்டு மஸ்கெலியாவில், மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்கு மேலே. உயர்தரம் படித்த காலத்தில் அண்ணனும் நானும் ஒரு போத்தலில் கல்லைக் கட்டி, தக்கைக்கு இன்னொரு கயிறு போட்டு, மீன் பிடிக்கிற மாமாவின் வள்ளத்தில் போனோம். ஆறாவது மீற்றர் முடிச்சு வந்ததும் தக்கையைச் சுண்டினால் குமிழிகள் மேலே வரும், அந்த ஆழத்துத் தண்ணீர் உள்ளே ஏறும். காலையில் போத்தல் கையில் சில்லென்றது. பின்னேரம், காற்று அடித்து ஓய்ந்த பிறகு, அதே இடம், அதே முடிச்சு, தண்ணீர் வெதுவெதுப்பு. நான் முடிச்சைப் பிழையாக எண்ணிவிட்டேன் என்று அண்ணன் சண்டைக்கு வந்தான்.

எண்ணியது சரிதான். காற்று மேலேயுள்ள சூடான தண்ணீரை ஒரு கரைக்குத் தள்ளும். அங்கே அடுக்கு கீழே அமுங்கும், எதிர்க்கரையில் மேலே எழும். காற்று நின்றதும் ஊஞ்சல் மாதிரி மெதுவாக ஆடும். ஓரிடத்தில் இறக்கிய கயிற்றுக்கு இந்த ஆட்டம் முழுதாக அகப்படாது.

நீர்மூழ்கி ரம்பப் பல் போல ஏறி இறங்கிக்கொண்டே குறுக்கே போகும். போகிற வழியெல்லாம் வெப்பம், அழுத்தம், மின்கடத்துதிறன் மூன்றையும் பதியும். கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடா ஆய்வு நிறுவனத்தார் உருவாக்கிய டெதிஸ் என்ற நீர்மூழ்கி, வெப்பம் சட்டென்று மாறும் ஆழத்தைத் தானே கண்டுபிடித்து, அதைக் கடந்ததும் திரும்பிவிடும். அப்படியே அடுக்கை விடாமல் பின்தொடரும். ஜிபிஎஸ் தண்ணீருக்குள் எட்டாது. அதனால் அடித்தரையில் ஒலியைப் பட்டுத் தெறிக்கவைத்துத் தன் வேகத்தைக் கணக்கிடும், இடையிடையே மேலே வந்து இடத்தைச் சரிபார்க்கும். எங்கள் நீர்த்தேக்கத்தில் முன்னால் இருப்பதை உணரும் சோனாரும் கட்டாயம் வேண்டும். பழைய மஸ்கெலியா நகரம் அடியில்தான் இருக்கிறது, தண்ணீர் வற்றும்போது கோயில் தலைகாட்டும்.

அப்புறம், நம் பக்கத்தில் இரண்டு மூன்று பாகை வித்தியாசத்தை அற்பமாக நினைக்கக் கூடாது. 24 பாகைத் தண்ணீர் 25 ஆகும்போது குறையும் அடர்த்தி, 4 பாகை 5 ஆகும்போது குறைவதைப் போல ஏறக்குறைய 30 மடங்கு. அதனால் வெப்பநாட்டுத் தண்ணீர் சிறு வித்தியாசத்திலேயே அடுக்குப் பிரிந்து நின்றுவிடும், கீழே ஒட்சிசன் இறங்காது.

ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் இங்கே ஒரு நீர்மூழ்கியைக் கொண்டுவந்தால், பின்னேரக் காற்று ஓய்ந்த கையோடு அணைக்கட்டுப் பக்கமிருந்து விடச் சொல்வேன். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போவேன்.