ஹாலில் ஒரு போட்டோவுக்குத்தான் இடமா?

"என் மகள் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். எங்களுக்குத் தெரியாமல் ஒரு அழகிப் போட்டிக்கு விண்ணப்பித்து, மாநில அளவில் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருக்கிறாள். அடுத்த மாதம் சென்னையில் மேடை ஏற வேண்டுமாம். 'படிப்பு ஏறாதவள்தான் இப்படி மேடை ஏறுவாள்' என்கிறார் என் நாத்தனார். இனி நல்ல வரன் அமையாது என்று சொந்தத்தில் பேசுகிறார்கள். என் கணவர் அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். மூத்தவன் தங்கமானவன், இந்த விஷயத்தில் வாயே திறப்பதில்லை. போன வருடம் ஆணழகன் போட்டியில் அவன் பரிசு வாங்கிய போட்டோ ஹாலில் மாட்டியிருக்கிறது. அதன் பக்கத்தில் தன் போட்டோவையும் மாட்டச் சொல்லி இவள் அடம் பிடிக்கிறாள். வெளியே தலைகாட்ட முடியவில்லை. மனம் நோகாமல் இவளை இதிலிருந்து எப்படி விலக்குவது?"
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்.

சகோதரி, விலக்கும் வழி கேட்டிருக்கிறீர்கள். அதை நான் சொல்லப் போவதில்லை. இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் பல வருடங்களாக வந்துகொண்டிருக்கின்றன. ஒருத்தி மகள் கபடி ஆடப் போகிறாள் என்று எழுதுவார், இன்னொருத்தி மகள் டிவியில் பாடப் போகிறாள் என்று எழுதுவார். 'வரன் அமையாது' என்ற வரி மட்டும் எல்லாக் கடிதத்திலும் இருக்கும். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் மகனின் போட்டோவைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பேச வேண்டியது அதைத்தான்.

ஆணழகன் போட்டியை நானும் பார்த்திருக்கிறேன். பையன்கள் உடம்பெல்லாம் எண்ணெய் மினுமினுக்க, சின்ன ஜட்டி ஒன்றோடு வந்து நிற்பார்கள். கையை மடக்கி, முதுகை விரித்து, தொடையை இறுக்கிக் காட்டுவார்கள். நடுவர்கள் தோள், மார்பு, தொடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். பெண்களும் குழந்தைகளுமாக ஊரே கீழே இருந்து பார்க்கும். அந்தக் கோலத்தில்தான் உங்கள் மகன் ஹாலில் சட்டம் போட்டு நிற்கிறான். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு காபி கொடுத்துக்கொண்டே அதைக் காட்டிப் பேசியிருப்பீர்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. மாதக்கணக்கில் நாக்கைக் கட்டி, விடியற்காலையில் எழுந்து போய் உழைத்து வாங்கிய பரிசு. பெற்றவர்கள் மாட்டத்தான் வேண்டும்.

சரி, உங்கள் மகள் என்ன கேட்டாள்? 'பக்கத்தில்' மாட்டச் சொன்னாள். அந்தச் சொல்லை நீங்களே எழுதிவிட்டு அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். தன் அறைச் சுவர் போதும் என்று அவள் இருந்திருக்கலாம். இன்ஸ்டாகிராமில் போட்டு நாலு பேர் பாராட்டினால் போதும் என்று விட்டிருக்கலாம். அவளுக்கு அண்ணன் பக்கத்தில், நீங்கள் தினமும் கடந்து போகிற சுவரில் ஒரு இடம் வேண்டியிருக்கிறது. அதற்கு நீங்கள் வைத்த பெயர் அடம். அவனும் உடம்பைப் பழக்கினான், இவளும் பழக்குகிறாள். அவனும் மேடையில் நின்று மதிப்பெண் வாங்கினான், இவளும் நிற்கப் போகிறாள். இவள் உடுத்தப்போவது எப்படியும் அவன் உடுத்தியதைவிட அதிகமாகத்தான் இருக்கும். அவன் செய்தது உழைப்பு, இவள் செய்வது மானக்கேடு என்று யார் பிரித்தது? நாத்தனாரைக் கை காட்டாதீர்கள். அந்தச் சுவரில் ஆணி அடித்தது உங்கள் வீட்டுக் கை.

வரன் பேச்சுக்கும் இதே கேள்விதான். நாளைக்கு மகனுக்குப் பெண் பார்க்கும்போது அவன் போட்டோவைக் கழற்றி உள்ளே வைப்பீர்களா? மாட்டீர்கள் அல்லவா?

நாத்தனார் சொன்ன 'படிப்பு ஏறாதவள்' விஷயத்துக்கு வருகிறேன். 1966-ல் உலக அழகிப் பட்டம் வென்ற ரீட்டா ஃபரியா அப்போது மும்பையில் மருத்துவ மாணவி. ஆசியாவிலிருந்து ஒரு பெண் அந்தப் பட்டத்தை வென்றது அதுதான் முதல் தடவை. ஒரு வருடம் பட்டத்தோடு இருந்துவிட்டு மருத்துவத்துக்கே திரும்பினார், அயர்லாந்தில் குடியேறி டாக்டராக வாழ்ந்தார். 2017-ல் உலக அழகியான மானுஷி சில்லரும் மருத்துவ மாணவியாக இருந்தவர்தான். 2019-ல் மிஸ் இங்கிலாந்து ஆன பாஷா முகர்ஜி கொல்கத்தாவில் பிறந்த டாக்டர். 2020-ல் கொரோனா வந்தபோது தொண்டுப் பயணங்களை நிறுத்திவிட்டு மருத்துவமனை வேலைக்குத் திரும்பிவிட்டார்.

ஆனால் இந்தப் பெயர்களை நாத்தனாரிடம் அடுக்கிவிட்டு வந்து உட்காராதீர்கள். மேடை ஏறுகிற பெண் டாக்டராக இருந்தால்தான் மரியாதை என்பதும் ஒரு அவமதிப்புதான். உங்கள் பி.காம். பெண்ணுக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை.

2018-ல் மிஸ் இந்தியா ஆன அனுகீர்த்தி வாஸ் திருச்சிப் பெண். உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். அம்மா தனி ஆளாக வளர்த்த பெண். மான்யா சிங் என்ற பெண் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர், ஒரு ஆட்டோ ஓட்டுநரின் மகள். மும்பைக்கு வந்து, பாத்திரம் கழுவி, இரவில் கால் சென்டரில் வேலை பார்த்துப் படித்தவர். மிஸ் இந்தியா 2020 போட்டியில் இரண்டாம் இடத்தில் நின்றார். அதன் பிறகு கல்லூரியில் நடந்த பாராட்டு விழாவுக்கு அவர் எதில் வந்தார் தெரியுமா? அப்பாவின் ஆட்டோவில். அந்த அப்பாவுக்கும் சொந்தபந்தம் இருந்திருக்கும், அவர்களும் நாலு பேச்சு பேசியிருப்பார்கள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு மகளோடு வந்தார். உங்கள் கணவர் பேச்சை நிறுத்திவிட்டார். பெற்ற பெண்ணிடம் பேசாமல் இருக்க ஒரு தகப்பனுக்கு உரிமை கிடையாது என்று நான் நம்புகிறேன். திட்டட்டும், சண்டை போடட்டும், ஆனால் பேச வேண்டும். இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

அழகிப் போட்டிகள் மேல் எனக்கு மயக்கம் எதுவும் இல்லை. பெண்ணை உயரத்தாலும் நிறத்தாலும் அளக்கும் உலகம் எனக்குப் பிடிக்காது. 1996-ல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது எதிர்ப்பு பலமாகக் கிளம்பி, நீச்சலுடைச் சுற்றை சீஷெல்ஸ் தீவுக்குக் கொண்டுபோய் நடத்தினார்கள். 2015-லிருந்து அந்தச் சுற்றையே உலக அழகிப் போட்டியில் எடுத்துவிட்டார்கள். நாலு பேர் கேள்வி கேட்டால் போட்டி மாறும். போட்டியை எவ்வளவு வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். அதில் நிற்கும் இருபது வயதுப் பெண்ணின் ஒழுக்கத்தையும் மூளையையும் எடை போடுவது வேறு. அதைச் செய்கிறவர்களோடு உட்கார்ந்து தலையாட்டுகிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம்.

மகளிடமும் எனக்குக் கோபம் உண்டு. வீட்டுக்குத் தெரியாமல் விண்ணப்பித்தது தப்பு. அதை அவளிடம் நேராகச் சொல்லுங்கள். ஆனால் மகன் ஜிம்மில் சேர்ந்தபோது உங்களைக் கேட்டுக்கொண்டா சேர்ந்தான் என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம், அம்மாவாக நீங்கள் பயப்பட வேண்டிய விஷயங்கள் நிஜமாகவே இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. நடத்துகிறவர்கள் யார்? இதற்கு முன்னால் எத்தனை வருடம் நடத்தியிருக்கிறார்கள்? நுழைவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், உடைக் கட்டணம் என்று ஆயிரக்கணக்கில் கறந்துகொண்டு எல்லாருக்கும் ஒரு பட்டம் கொடுத்து அனுப்பும் ஆட்களும் இந்தத் தொழிலில் உண்டு. கையெழுத்துப் போடச் சொல்லும் காகிதத்தை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். ஜெயித்தால் எத்தனை மாதம் அவர்கள் சொல்கிற இடத்துக்குப் போக வேண்டும், கடைசி செமஸ்டர் பரீட்சை நடுவில் வருகிறதா என்று பாருங்கள். எங்கே தங்க வைக்கிறார்கள் என்று கேட்டு, கூடவே போய்த் தங்குங்கள். மகள் பட்டினி கிடந்தால் உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள். தாயின் கடமை என்று நான் சொல்வது இதையெல்லாம்தான். சொந்தக்காரர்களின் முகத்தைப் பார்த்து மகளை மறைப்பது அந்தக் கணக்கில் வராது.

கடைசியாக உங்கள் மகன். வாயே திறப்பதில்லை என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அது எனக்குப் பெருமையாகத் தெரியவில்லை. வெளிச்சத்தில் நின்று, நூறு பேர் கண் உடம்பின் மேல் ஊர்வதைத் தாங்கிக்கொண்டு, சிரித்த முகத்தோடு நடுவரைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று உங்கள் வீட்டில் அனுபவப்பட்டது அவன் ஒருவன்தான். கால் நடுங்கும்போது என்ன செய்ய வேண்டும், மேடைக்கு முந்தைய நாள் என்ன சாப்பிட வேண்டும் என்று தங்கைக்குச் சொல்லித் தர வேண்டியவன் அவன். அத்தை அவளைப் பேசியபோது 'நானும் அப்படித்தானே நின்றேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இன்று ராத்திரி அவனைக் கூப்பிட்டு அந்த போட்டோவுக்குக் கீழே உட்கார வையுங்கள். தங்கையையும் கூப்பிடுங்கள். நீங்கள் எதுவும் பேச வேண்டாம், அவன் பேசட்டும்.