மெட்டலர்ஜி கேட்கும் மகளும் வெள்ளிக் கான்டாக்ட் வேலையும்

அண்ணாச்சிக்கு வணக்கம். மகள் மெட்டலர்ஜி (உலோகவியல்) படித்தால் இரும்பு ஆலையில் உலை முன்னால்தான் நிற்க வேண்டும் என்று கவலைப்படுகிறீர்கள். எலக்ட்ரீஷியன் அடுத்த முறை உங்கள் வயல் மோட்டாரின் ஸ்டார்ட்டரைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் கான்டாக்டர் என்ற சுவிட்சுக்குள் செம்புப் பட்டையின் நுனியில் ஒரு வெள்ளிப் பொட்டு இருக்கும்; அதுதான் கான்டாக்ட். பணகுடி காற்றாலைகளின் பேனல்களிலும் இருப்பது இதே இனம்தான். மகள் விசாரித்திருப்பது இதைச் செய்யும் வேலையை.

சுத்த வெள்ளி மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்; ஆனால் 962 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கான்டாக்ட் முனைகள் பிரியும்போது எழும் ஆர்க், அதாவது மின்பொறி, அதைவிடப் பல மடங்கு சூடு. இரண்டு முனையும் உருகி ஒட்டிக்கொண்டால், ஸ்டாப் பட்டனை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. அப்படி ஒட்டாமல் இருக்கத்தான் டின் ஆக்சைடு சேர்க்கிறார்கள். முன்பு காட்மியம் ஆக்சைடு பரவலாக இருந்தது. நச்சு என்பதால் விலகி வருகிறார்கள்.

ஒரு வழக்கமான கலவையில் எடைக்கணக்கில் 88 பங்கு வெள்ளித்தூள், 12 பங்கு டின் ஆக்சைடு. கலந்து, அழுத்திக் கட்டையாக்கி, வெள்ளி உருகாத சூட்டில் தூள் ஒன்றோடொன்று ஒட்டும்படி சின்டரிங் செய்து, எக்ஸ்ட்ரூடர் என்ற இயந்திரத்தில் அச்சு வழியாகத் தள்ளி, கம்பியாக இழுத்து, ரிவெட்டாக (தலையுள்ள சிறு ஆணியாக) அடிப்பார்கள். கலவை சரியில்லாமல் ஆக்சைடு கட்டி தட்டினால், கம்பி இழுக்கும்போது அந்த இடத்தில் அறும். உள்ளே காற்று அடைபட்டால் சூட்டில் கொப்புளிக்கும். துளையே இல்லாவிட்டால் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 9.9 கிராம் வர வேண்டும். குறைந்தால் துளை இருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு தொல்லை, உருகிய வெள்ளி டின் ஆக்சைடில் சரியாகப் படியாது. ஆர்க் அடிக்க அடிக்க ஆக்சைடு மேலே சேர்ந்து, மின்தடை கூடி, கான்டாக்ட் சுடும். பிஸ்மத் ஆக்சைடோ காப்பர் ஆக்சைடோ துளி சேர்ப்பது இதற்காகத்தான். எவ்வளவு சேர்ப்பது என்று கண்டுபிடிப்பதில்தான் படிப்பின் பலன் தெரியும்.

வெள்ளி-டங்ஸ்டன் கான்டாக்டுக்கு வேறு வழி. டங்ஸ்டன் உருக 3422 டிகிரி வேண்டும். இரண்டையும் சேர்த்து உருக்க முடியாது. டங்ஸ்டன் தூளைத் துளையுள்ள கூடாக்கி, உருகிய வெள்ளியை அதற்குள் ஊறவிடுவார்கள்.

இனி படிப்பு. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் மெட்டலர்ஜி கிடையாது. கவுன்சிலிங்கில் சேலம் அரசு பொறியியல் கல்லூரியையும் கோவை பிஎஸ்ஜியையும் மேலே போடுங்கள். திருச்சி என்ஐடிக்கு ஜேஇஇ மெயின் மதிப்பெண் தேவை. வெளியூர் விடுதிக்கு அனுப்பவே மனசில்லை என்றால் இங்கேயே மெக்கானிக்கல் சேர்த்துவிட்டு, பிறகு கேட் (GATE) நுழைவுத்தேர்வு எழுதி எம்.டெக். மெட்டீரியல்ஸ் போகட்டும். சுற்றுவழிதான், ஆனால் நடக்கிற வழி.

கான்டாக்ட் செய்யும் கம்பெனிகள் குறைவு. அதை மட்டுமே நம்பிப் பிரிவு எடுக்க வேண்டாம். இப்படித் தூளிலிருந்து பொருள் செய்யும் பவுடர் மெட்டலர்ஜி கைவந்தால் கார்பைடு டூல், பேரிங், கார் உதிரிபாகம் என்று வேறு கதவுகளும் உண்டு. எங்கே போனாலும் வெள்ளி கிராம் கணக்கில் எடை போட்டு வரும், போகும். கூட்டிய தூசியைக்கூடச் சேர்த்து வைப்பார்கள். அந்த நிதானம் மகளுக்கு இருக்கிறதா என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, லேபில் ஹைட்ராலிக் பிரஸ், டியூப் ஃபர்னஸ், மெட்டலர்ஜி மைக்ராஸ்கோப் மூன்றும் இருக்கிறதா, மாணவர்களைத் தொட விடுகிறார்களா என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள்.