அமெரிக்காவில் 2005ல் வாங்கிய பாலி பாக்கெட் பெட்டி: குழந்தைக்குக் கொடுக்கலாமா?

வணக்கம். "2005ல் வாங்கிய பாலி பாக்கெட் (குட்டிப் பொம்மைகளும் உடைகளும் உள்ள விளையாட்டுப் பெட்டி) சைனாவில் செய்தது, ஈயப் பெயிண்ட் இருக்குமோ, 3 வயது மகளுக்குக் கொடுக்கலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். ஆனால் நான் பயப்படுவது பெயிண்டுக்காக அல்ல, காந்தத்துக்காக.

பாலி பாக்கெட்டைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனம் 2007 ஆகஸ்டில் பொம்மைகளைத் திரும்பப் பெற்றபோது ஈயம்தான் தலைப்புச் செய்தியானது. அதே சமயம் உலகமெங்கும் சுமார் 1.8 கோடி காந்தப் பொம்மைகளையும் திரும்பப் பெற்றார்கள். பாலி பாக்கெட்டின் ஒரு பகுதியை 2006 நவம்பரிலேயே திரும்பப் பெற ஆரம்பித்திருந்தார்கள். உடையிலும் கையிலும் ஒட்டியிருந்த குட்டிக் காந்தங்கள் கழன்று விழுந்தன. ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே அவை ஒன்றையொன்று இழுத்து, குடலையே துளைத்துவிடும். இது மேட்டலின் சொந்த வடிவமைப்புக் கோளாறு. பழி என்னவோ சீனத் தொழிற்சாலைகள் மேல் விழுந்தது. கடைசியில் 2007 செப்டம்பரில் மேட்டல் உயர் அதிகாரி தாமஸ் டெப்ரோவ்ஸ்கி பெய்ஜிங் போய் மன்னிப்புக் கேட்டார், அதுவும் கேமராக்கள் முன்னால்!

சரி, உங்கள் பெட்டிக்கு வருவோம். ஓர் இரும்பு ஊக்கை எடுத்து பொம்மையின் கை, கால், உடை, குட்டி வீட்டின் தரை எல்லாவற்றின் அருகிலும் கொண்டு போங்கள். ஒட்டினால் காந்தம் இருக்கிறது. பெட்டியின் அடியையும் துழாவுங்கள், கழன்றது அங்கே கிடக்கலாம். ஒட்டாவிட்டாலும் அந்தச் சின்னச் சின்னச் செருப்புகள் 3 வயதுக்கு ஆகாது. அப்புறம், வேறு யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.