கல்லூரிக்குப் போடுகிற அரசுப் பணம் திரும்ப வருமா? கேள்வி பதில்

பொருளாதாரப் பாடம் நடத்துகிறவன் என்பதால் உயர்கல்விச் செலவு பற்றி என்னிடம் பலர் கேட்டிருந்தீர்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: தமிழ்நாடு அரசு ஒரு மாணவரைப் படிக்க வைக்கப் போடும் காசு திரும்ப வருகிறதா, இல்லையா?

வருகிறது. ஆனால் போட்டவர் கைக்கு வருவதில்லை, அதுதான் சிக்கலே. அரசுக் கல்லூரியில் படித்த ஒரு பையன் பெங்களூரில் மாதம் 40,000 ரூபாய்க்கு வேலைக்குச் சேர்கிறான் என்று வையுங்கள். புதிய வரிமுறையில் ஆண்டுக்கு 12 லட்சம் வரை வருமான வரியே கிடையாது. நாளைக்கு அவன் சம்பளம் கூடி வரி கட்டினாலும் அது ஒன்றிய அரசுக்குத்தான் போகும். ஒன்றிய வரியை மாநிலங்களுக்குப் பிரிக்கிற நிதிக்குழுவின் கணக்கைப் பாருங்கள்: 2021-26-க்கான 15-வது குழுவின்படி, பகிர்ந்துகொள்ளும் வரியில் 100 ரூபாய்க்கு 41 ரூபாய் மாநிலங்களுக்கு, அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம், அதாவது ஒரு ரூபாய் 67 காசு! சரி, அவன் வாங்குகிற செருப்பு, செல்போனுக்கு ஜிஎஸ்டி கட்டுகிறானே என்றால், அதில் மாநிலப் பங்கு பொருளை வாங்கிப் பயன்படுத்துகிற மாநிலத்துக்கு, கர்நாடகத்துக்குப் போய்விடும். உள்ளூரிலேயே வேலை பார்த்தாலும் தொழில்வரி என்று ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க அரசியல் சட்டம் விடாது, அதுவும் நம் ஊரில் உள்ளாட்சிக்குப் போகிற காசு. நாட்டுக்கு லாபம், குடும்பத்துக்கு லாபம், மாநிலக் கஜானாவுக்கு மட்டும் இழுபறி.

கேள்வி: புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கொடுப்பது வெறும் இலவசம்தானே? முதலீடு என்று ஏன் சொல்கிறீர்கள்?

முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் இருந்தது. பட்டம் படித்த பெண்ணுக்கு 50,000 ரூபாயும் 8 கிராம் தங்கமும். 2022-ல் அதைத்தான் படிப்புக்கான பணமாக மாற்றினார்கள், மூன்று வருடத்துக்கு 36,000, அவளுடைய கணக்கிலேயே விழும். கல்யாணத்துக்குப் போனது படிப்புக்குப் போகிறது, இதை இலவசம் என்றால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

அப்புறம் ஒரு விஷயம். கல்லூரிக்கான உண்மையான செலவு ஃபீஸ் மட்டுமில்லை. பிளஸ் டூ முடித்தவள் பனியன் கம்பெனிக்குப் போனால் அந்த மாதமே சம்பளம், மூன்று வருடம் அதை விட்டுக்கொடுப்பது குடும்பம்தான். 1000 ரூபாய் அதற்கு ஈடாகாது. ஆனால் தேர்வுக் கட்டணம், செல்போன் ரீசார்ஜ் இவற்றுக்கு அப்பாவிடம் கை நீட்ட வேண்டாம், "படிச்சது போதும்" என்ற பேச்சும் கொஞ்சம் தள்ளிப்போகும்.

கேள்வி: பட்டதாரிகளுக்குத்தானே வேலையில்லை? பிறகு எதற்குக் கல்லூரி?

2022-23 தொழிலாளர் கணக்கெடுப்பில் நாடு முழுக்க வேலையின்மை 3.2 சதவீதம், பட்டதாரிகளிடையே 13.4. உண்மைதான். ஆனால் படிக்காதவர் வேலையில்லாமல் சும்மா இருக்க முடியாது, கிடைத்ததைச் செய்வார். பட்டதாரி காத்திருக்கிறார். இன்னொரு பக்கம், உலக வங்கி ஆய்வாளர்கள் 2018-ல் பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கூடுதலாகப் படிக்கிற ஒவ்வோர் ஆண்டும் படித்தவருக்கு வருமானத்தில் சராசரியாக 9 சதவீதம் பலன் தருகிறது.

எனக்கு உறுத்துவது வேறு. 2021-22-ல் தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் (18-23 வயதினர் 100 பேருக்கு எத்தனை பேர் உயர்கல்வியில் என்ற கணக்கு) 47, இந்திய அளவில் 28.4. சேர்க்கையில் ஜெயித்துவிட்டோம், வகுப்பில் யார் நிற்கிறார்கள்? பல அரசுக் கலைக் கல்லூரிகளில் துறையைத் தாங்குவதே நிரந்தர வேலை இல்லாத, குறைந்த சம்பளத்துக் கௌரவ விரிவுரையாளர்கள். இந்த நிலையில் சீட்டை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் அந்த 9 சதவீதம் இங்கே வராது.

கேள்வி: நாட்டின் வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்குச் செலவிட வேண்டும் என்கிறார்களே?

கல்வியை ஆராய ஒன்றிய அரசு அமைத்த கோத்தாரி குழு 1966-ல் சொன்னது, 2020 புதிய கல்விக் கொள்கையும் அதையே சொல்கிறது. இன்னும் எட்டவில்லை.

கேள்வி: ஆஸ்திரேலியா மாதிரி, படிப்புக் கட்டணத்தைச் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு வசூலித்தால் என்ன?

அங்கே 1989 முதல் நடக்கிறது. வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் பிடித்தம், அதுவும் வரித்துறை மூலமாக. நம் ஊரில் நிறையப் பேருக்குச் சம்பளச் சீட்டே கிடையாது, யாரிடம் எப்படிப் பிடிப்பது? வருமான வரித்துறையும் மாநிலத்தின் கையில் இல்லை. முதல் கேள்விக்குச் சொன்ன அதே முட்டுக்கட்டைதான். அதற்குப் பதில், படித்தவர்கள் இங்கேயே வேலை பார்க்கிற மாதிரி திருநெல்வேலி, சேலம் பக்கம் நிறுவனங்களை இழுப்பதுதான் மாநிலத்துக்குக் கட்டுப்படியாகும் என்பது என் கருத்து.